பேசி ஓயாத ரெண்டரை வயசு: திருத்தணுமா, சிரிக்கலாமா?

தூக்கம்_போச்சு | மார்ச் 4, காலை 6:10

பொண்ணுக்கு ரெண்டரை வயசு. கண்ணு முழிச்சதிலேர்ந்து தூங்குற வரைக்கும் பேச்சு. காக்காவை "தாத்தா"ங்கறா. நாமும் "தாத்தாவா?"ன்னு கேட்டா, "தாத்தா இல்ல, தாத்தா!"ன்னு கோவம் வருது. "உனக்குத் தண்ணி வேணும்"னு சொன்னா அவளுக்கு வேணும்னு அர்த்தம். போன மாசம் நடந்ததும் நேத்து, காலைல நடந்ததும் நேத்து. எல்லாத்துக்கும் ஏன். இதையெல்லாம் திருத்தணுமா, விட்டுடலாமா? முகத்துக்கு நேரா சிரிச்சா தப்பா?

வாயாடி_வாத்தியார் | மார்ச் 4, காலை 7:45

காக்காவை முதல்ல பாப்போம். க சொல்ல நாக்கோட பின்பகுதி எழும்பி மேலண்ணத்தைத் தொடணும். த சொல்ல நுனி பல்லைத் தொட்டா போதும். சின்னக் குழந்தைக்கு நுனி சுலபம், பின்பகுதி கஷ்டம். அதனால க வர்ற இடத்துல எல்லாம் த வந்து உக்காந்துக்கும். காக்கா தாத்தா ஆகும், கதவு ததவு ஆகும். பெரும்பாலும் மூணரை வயசுக்குள்ள தானா சரியாயிடும்.

கோவம் வருதுன்னு சொன்னீங்களே, விஷயமே அதுலதான் இருக்கு. வாய்க்கு வராத வித்தியாசம் காதுக்கு நல்லாவே கேக்குது. நீங்க "தாத்தாவா?"ன்னு கேக்கும்போது அவ காதுல விழறது நிஜத் தாத்தா. அவ மனசுல சொன்னது காக்கா. அப்புறம் ஏன் கோவம் வராது? இங்கிலீஷ் பேசுற குழந்தை ஒண்ணு மீனை "ஃபிஸ்"னு சொன்னதையும், பெரியவங்க அதையே திருப்பிச் சொன்னப்ப ஒத்துக்காததையும் ஜீன் பெர்கோ, ரோஜர் பிரவுன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1960-லயே எழுதி வச்சிருக்காங்க.

ஒரு சோதனை. காக்கா படம் ஒண்ணு, தாத்தா படம் ஒண்ணு பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு "காக்கா எது?"ன்னு கேளுங்க. வேற வேற நேரத்துல, படங்களை இடம் மாத்தி மாத்தி, நாலஞ்சு தடவை. ஒவ்வொரு தடவையும் சரியா காட்டினா கவலை இல்லை, நாக்கு கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான். மாத்தி மாத்திக் காட்டினா காதைப் பரிசோதிச்சுப் பாக்கணும். காதுக்குள்ள நீர் கோத்திருந்தாக் கூட சில சத்தங்கள் மங்கலாத்தான் கேக்கும்.

திருத்துறது எப்படின்னா, அவ "தாத்தா பறக்குது"ன்னா நீங்க "ஆமா, காக்கா பறக்குது. காக்கா எங்க போகுது?" அவ்வளவே. கா-வைத் துளி அழுத்திச் சொல்லுங்க. "எங்க, காக்கா சொல்லு பாப்போம்" மட்டும் வேண்டாம். நாலு தடவை அப்படிக் கேட்டா அஞ்சாவது தடவை காக்காவைப் பத்திப் பேசுறதையே விட்டுடும்.

வாயாடி_வாத்தியார் | மார்ச் 4, இரவு 10:20

காலைல விட்டுப்போனது. ழ, ற, ர மூணும் ரொம்பத் தாமதமா வர்ற எழுத்துகள். மழை மயையாகவோ மலையாகவோ இருந்தா மூணு வயசுல அதைத் தொடவே தொடாதீங்க. ழ ஒழுங்கா வராத பெரியவங்க எத்தனை பேர் மேடையில பேசுறாங்க.

வீட்டுக்காரங்க இல்லாம வெளியாள் கேட்டா எவ்வளவு புரியணும்னு ஒரு கணக்கு உண்டு. ரெண்டு வயசுல பாதி, மூணு வயசுல முக்கால், நாலு வயசுல கிட்டத்தட்ட எல்லாம். இந்தக் கணக்குல அம்மா அப்பாவைச் சேத்துக்கக் கூடாது. அவங்களுக்கு எப்பவுமே கூடுதலாப் புரியும்.

ரெட்டைவால்_அம்மா | மார்ச் 5, காலை 9:02

வாத்தியாரே, "உனக்கு வேணும்" கேள்விக்குப் பதில் வரலையே.

வாயாடி_வாத்தியார் | மார்ச் 5, மதியம் 1:30

அதுக்குத் தனியா உக்காரணும். மேசை, பந்து மாதிரிச் சொல்லுக்கு யார் சொன்னாலும் ஒரே பொருள். நான், நீ அப்படி இல்லை, வாய்க்கு வாய் ஆள் மாறும். நாள் முழுக்க அவ கேக்கறது "உனக்குத் தண்ணி வேணுமா?" தண்ணி வர்றதுக்கு முன்னாடி எப்பவும் கேக்கற வார்த்தை அதுதான். தண்ணி வேணும்னா அதையே எடுத்து விடுறா. அவ கணக்குல "உனக்கு"ங்கறது அவ பேரு.

போதாததுக்கு நாமும் "அம்மா வரேன்", "பாப்பாக்கு வேணுமா"ன்னு நான், நீ ரெண்டையும் ஒளிச்சு வச்சே பேசுறோம். பரவாயில்லை, அதனால கெடுதல் எதுவும் இல்லை. ஆனா கத்துக்கறதுக்கான உதாரணம் குறையுது.

"நீ இல்ல, நான்னு சொல்லு" அப்படின்னு மட்டும் விளக்காதீங்க. அவ உடனே உங்களைக் காட்டி "நான்"ம்பா. அதுவும் நியாயம்தானே, நீங்கதானே சொன்னீங்க. இதுக்கு மூணாவது ஆள் வேணும். அவ பக்கத்துல இருக்கறப்போ பெரியவங்க ரெண்டு பேர் பேசிக்கணும்: "உனக்குத் தண்ணி வேணுமா?" "ஆமா, எனக்கு வேணும்." உடனே தண்ணி கை மாறணும். அவளைப் பாத்துப் பேசவேண்டாம், அவ சும்மா பாத்துக்கிட்டிருந்தா போதும். நீ-ங்கறது தன்னை மட்டும் குறிக்கிற சொல் இல்லைன்னு அடுத்தவங்க பேச்சைக் கேட்டுத்தான் பிடிபடும். ஆள் இல்லாத வீட்டுல பொம்மையை ரெண்டாவது ஆளாக்கி நீங்களே ரெண்டு குரல்ல பேசலாம்.

மூணு வயசு வாக்குல தெளிவாயிடும். நடுவுல ஒரு கட்டத்துல சரியாவும் தப்பாவும் கலந்து கட்டி வரும், பின்னாடி போகுதுன்னு பயப்படாதீங்க.

வாயாடி_வாத்தியார் | மார்ச் 6, காலை 7:15

இப்ப "ஏன்".

முதல்ல வர்றது என்ன, எங்க, யாரு. ஏன், எப்படி, எப்போ எல்லாம் பின்னாடிதான் வரும். மிஷெல் ஷூனார்ட் 2007-ல எழுதின ஆய்வுல, பெரியவங்களோட பேசிக்கிட்டிருக்கிற குழந்தைங்க விவரம் கேட்டுக் கேக்கற கேள்வி மட்டும் சராசரியா மணிக்கு 76. உங்க வீட்டுல மட்டும்தான் இப்படின்னு யாரும் நினைச்சுக்க வேண்டாம்.

எல்லா ஏன்-உம் ஒரே ஏன் இல்லை. அது எதோட ஒட்டிக்கிட்டு வருதுன்னு கவனிங்க.

"ஏன் செருப்பு ஈரமா இருக்கு?" மழையில நனைஞ்சுது. "ஏன் நனைஞ்சுது?" வெளியில விட்டுட்டோம். "ஏன் வெளியில விட்ட?" இங்க ஒவ்வொரு ஏன்-உம் உங்க போன பதிலைப் பிடிச்சுக்கிட்டு வருது. நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேக்கறது. பதில் சொல்லுங்க.

"செருப்பு போட்டுக்கோ." ஏன்? "வெளிய போறோம்." ஏன்? "நேரமாச்சு." ஏன்? இது மொட்டை ஏன். கண்ணு எங்கயோ இருக்கும், கால் செருப்புக்குள்ள போகாது. இதுக்கு அர்த்தம் "போட்டுக்க மாட்டேன்". காரணம் சொல்லச் சொல்ல நீளும். "இடது கால் முதல்லயா, வலது கால் முதல்லயா?" அப்படின்னு வேலைக்குத் திருப்பிடுங்க.

மூணாவது ரகமும் ஒண்ணு உண்டு. பேச்சு நின்னுடக்கூடாதேன்னு போடுற ஏன். படுக்கைல விளக்கணைச்ச பிறகு வர்றதுல முக்கால்வாசி இதுதான்.

முதல் ரகத்துக்கு மழுப்பலாப் பதில் சொன்னா என்ன ஆகும்? ஃப்ரேஸியர், கெல்மன், வெல்மன் மூணு பேரும் 2009-ல வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பாத்துது. காரணம் கிடைச்ச குழந்தைங்க ஒத்துக்கிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனாங்க, இல்லைன்னா அதுல மேற்கொண்டு கேட்டாங்க. "அது அப்படித்தான்" மாதிரிப் பதில் கிடைச்சவங்க அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டாங்க, இல்லைன்னா தாங்களே ஒரு காரணம் கட்டினாங்க. அதனால ஏன் குறையணும்னா ஒரு வரிக் காரணம் சொல்றதுதான் சிக்கனம். தெரியாததுக்கு "தெரியலையே, நீ என்ன நினைக்கற?" போதும். வர்ற பதிலைக் கேட்டு நீங்க ஒரு ஓரமாப் போய்ச் சிரிச்சுக்கலாம்.

முணுமுணுப்பு | மார்ச் 6, மாலை 5:40

கொஞ்சிக் கொஞ்சிப் பேசவே கூடாது, பெரியவங்ககிட்டப் பேசுற மாதிரித்தான் பேசணும்னு எங்க வீட்டுல ஒரே பிடிவாதம். சரியா?

வாயாடி_வாத்தியார் | மார்ச் 6, இரவு 9:50

ரெண்டு வேற வேற விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கறாங்க. குரலை உயர்த்தி, இழுத்து, ராகமா, மெதுவா, நிஜச் சொல்லையே சொல்றது ஒண்ணு: "காக்க்க்கா பாரு! எவ்வளோ பெரிய காக்கா!" குழந்தை சொல்லைப் பிரிச்சுக் கேக்க இது உதவுது, தாராளமாப் பண்ணலாம். குழந்தையோட தப்பு உச்சரிப்பையே எடுத்துக்கிட்டு நாமும் "தாத்தா பறக்குது"ன்னு பேசுறது இன்னொண்ணு. அதுல அவளுக்குச் சரியான மாதிரி கிடைக்காம போகுது.

ரெட்டைவால்_அம்மா | மார்ச் 7, காலை 8:10

இது கொஞ்சம் கெடுபிடியாப் படுது வாத்தியாரே. எந்த வீட்டுலயும் குழந்தை உண்டாக்கின ஒண்ணு ரெண்டு சொல் வீட்டுச் சொல்லாவே நிலைச்சுடும். குழந்தை காலேஜ் போன பிறகும் அம்மா அப்பா அதையே சொல்லிக்கிட்டு இருப்பாங்க.

வாயாடி_வாத்தியார் | மார்ச் 7, காலை 8:55

ஒத்துக்கறேன். நான் சொன்னது மொத்தப் பேச்சையும் மழலையாக்கிக்கிறதைப் பத்தி. அங்கங்க ரெண்டு செல்லச் சொல் இருந்தா எந்த நாக்கும் கெட்டுடாது. நாள் முழுக்கக் கேக்கற மத்த ஆயிரம் சொல் சரியா இருந்தா போதும்.

வாயாடி_வாத்தியார் | மார்ச் 8, மாலை 6:30

யாரும் கேக்கல, ஆனா இந்த விஷயத்துல அதிகமாக் கோட்டை விடுறது இங்கதான்: காத்திருக்கிறது.

பெரியவங்க பேச்சுல ஒருத்தர் நிறுத்தி இன்னொருத்தர் ஆரம்பிக்க ஆகற இடைவெளி ஒரு விநாடியில அஞ்சுல ஒரு பங்கு. சின்னக் குழந்தைக்கு அது எட்டாது. கேள்வியைப் புரிஞ்சுக்கணும், சொல்லைத் தேடணும், வாயைத் தயார் பண்ணணும். நாம ஒரு விநாடி பாத்துட்டு, "சிவப்பு வேணுமா? நீலமா? சரி நீலம் எடுத்துக்கோ"ன்னு நாமே முடிச்சுடுறோம். ஒரு கேள்வி கேட்டா மனசுக்குள்ள அஞ்சு வரை எண்ணுங்க. முகத்தைப் பாத்துக்கிட்டு, புருவத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு, வாயை மூடிக்கிட்டு. மூணு எண்ணறதுக்குள்ள நமக்கு உள்ளுக்குள்ள அரிக்கும். நாலாவதுலதான் பல நேரம் நல்ல வரி ஒண்ணு விழும்.

வாயாடிக் குழந்தைக்கும் இது வேணுமான்னு கேக்கலாம். அதுக்குத்தான் ரொம்ப வேணும். நாம குறுக்க வந்துடுவோமேங்கற அவசரத்துலயே பாதிக் குழந்தைங்க "அப்பா அப்பா அப்பா அப்பா"ன்னு இடத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, அப்புறம்தான் என்ன சொல்றதுன்னு யோசிக்குது.

முணுமுணுப்பு | மார்ச் 8, இரவு 8:12

அந்த நாலு அப்பாவுக்கு அப்புறம் வர்ற விஷயம்: "அப்பா."

வாயாடி_வாத்தியார் | மார்ச் 9, காலை 10:05

நேத்து, நாளைக்கு. (தூக்கம்_போச்சு கேட்டதுல பாக்கி.)

ரெண்டரை வயசுல நேத்துன்னா "முடிஞ்சு போச்சு", நாளைக்குன்னா "இன்னும் இல்லை". எவ்வளவு தூரம்கறது அதுல கிடையாது. நாலஞ்சு வயசு வரைக்கும் இது தடுமாறும். திருத்திப் பிரயோஜனம் இல்லை, நிகழ்ச்சியோட கட்டிவிடுங்க: "தூங்கி எழுந்ததும்", "குளிச்சதுக்கு அப்புறம்", "அப்பா வந்ததும்". நாளைக்குப் போகலாம்னு சொன்னா அஞ்சு நிமிஷம் கழிச்சு "நாளைக்கு வந்தாச்சா?"ன்னு கேள்வி வரும், அதுக்குத் தயாரா இருங்க.

எண்ணும் இதே கதைதான். பத்து வரை கடகடன்னு சொல்ற குழந்தைகிட்ட "மூணு கட்டை எடுத்துக் கொடு"ன்னு கேளுங்க. ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுக்கும். அது எண்ணறது இல்லை, பாட்டு. முதல்ல ஒண்ணு மட்டும் சரியா எடுத்துக் கொடுக்கத் தெரியும், சில மாசம் கழிச்சு ரெண்டு, அப்புறம் மூணு. கடைசியா எண்ணின எண்தான் மொத்தம்கறது பெரும்பாலும் மூணரை நாலு வயசு வாக்குலதான் விளங்கும்.

இதுல பெத்தவங்களுக்கு ஒரு லாபம் உண்டு. "இன்னும் பத்து நிமிஷம்தான் விளையாடலாம்"னா, "இல்ல, ரெண்டு நிமிஷம்!"னு ஆவேசமா பேரம் பேசும். சரி போனாப் போகுதுன்னு விட்டுக்கொடுங்க.

தூக்கம்_போச்சு | மார்ச் 9, மதியம் 12:40

லிஃப்டுல ஒருத்தரைப் பாத்து சத்தமா "இந்த மாமாவுக்கு ஏன் முடியே இல்ல?" இதுக்கு என்ன செய்றது?

வாயாடி_வாத்தியார் | மார்ச் 9, மாலை 4:25

வாயைப் பொத்தாதீங்க, "ஷ்ஷ்"னும் அடக்காதீங்க. பொத்தினா ரெண்டு மடங்கு சத்தத்துல திரும்ப வரும், சொன்னது யாருக்கும் கேக்கலைன்னு நினைச்சுக்கும். அவமானப்படுத்தணும்னு அதுக்கு நினைப்பு இல்லை. தான் சொன்னது அடுத்தவர் மனசுல எப்படி விழும்னு யோசிக்கிற திறமையே இன்னும் முளைச்சு வருது.

அதே இடத்துல, சாதாரணக் குரல்ல, ஒரே வரி: "சில பேருக்கு முடி இருக்கும், சில பேருக்கு இருக்காது." அந்த மனுஷரைப் பாத்து ஒரு புன்னகை. நீளமா மன்னிப்புக் கேட்டா அவருக்குத்தான் இன்னும் சங்கடம். வீட்டுக்கு வந்து, நடந்த சூடு ஆறினதும், "ஆளைப் பத்திக் கேக்கணும்னா அம்மா காதுல கேளு"ன்னு ஒரு விதி சொல்லிட்டு உடனே விளையாட்டா ஒத்திகை பாருங்க. பொம்மையைப் பத்திக் காதுல சொல்லச் சொல்லுங்க.

என்ன தப்பாகும்னு இப்பவே சொல்லிடறேன். காதுகிட்ட வாயை வைக்கும், கையை மறைப்பா வைக்கும், மூச்சு விடும், ஆனா குரல் மட்டும் அதே குரல். குரலே இல்லாம காத்துல மட்டும் பேசுறது தனியாப் பழக்கற வித்தை. கண்ணாடியில ஆவி படியற மாதிரி ஊதச் சொல்லி, அந்த ஊதல்லயே அதோட பேரைச் சொல்லச் சொல்லுங்க. பிடிபட்டுடும்.

ரெட்டைவால்_அம்மா | மார்ச் 10, காலை 7:30

திணை மயக்கத்தைப் பத்தி யாரும் எழுதலையே. "பஸ் போறான்", "பூனை வந்தாங்க", "பந்து ஓடிட்டான்". இன்னொரு பக்கம் அப்பாவைப் பாத்து "வாடா". தமிழ்க் குழந்தைங்ககிட்ட இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ரகம்.

வாயாடி_வாத்தியார் | மார்ச் 10, காலை 11:15

பிரமாதமான விஷயம். போறான், போறா, போறாங்க, போகுதுன்னு வினையோட வால் மட்டும் மாறுதுன்னு கண்டுபிடிச்சாச்சு. எந்த வால் யாருக்குங்கற பட்டியல்தான் இன்னும் முடியல. வெறும் கிளிப்பிள்ளையா இருந்தா "பஸ் போறான்" வரவே வராது, ஏன்னா எந்தப் பெரியவரும் அப்படிச் சொல்லி அது கேட்டிருக்காது. தானே விதி கட்டி, தானே ஓட்டிப் பாக்குது. "ஆமா, பஸ் போகுது, வேகமாப் போகுது" போதும். பொம்மை "தூங்கறான்"னா அதை விட்டுடுங்க, பெரியவங்களும் பொம்மைக்கு உயர்திணைதான் போடுறோம்.

"வாடா" வேற கணக்கு. அது பிழை இல்லை, நகல். அந்த வீட்டுல யாரோ யாரையோ அப்படித்தான் கூப்பிடுறாங்க. முதல் தடவை எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சா அது அன்னிக்கே நிரந்தரமாயிடும். சிரிப்பை அடக்கிக்கிட்டு, உங்க வீட்டு வழக்கம் எதுவோ அப்படி, "அப்பா, வாங்க" இல்லைன்னா "வாப்பா"ன்னு நீங்க ஒரு தடவை கூப்பிட்டு, அப்பா எழுந்து வந்துடணும். "வாடா"வுக்கும் வந்தா வேலைக்கு ஆகாது.

வாயாடி_வாத்தியார் | மார்ச் 10, இரவு 9:40

மேல சிரிப்பை அடக்குங்கன்னு எழுதினது எல்லாத்துக்கும் இல்லை. முதல் நாளே கேட்ட கேள்விக்கும் இப்பத்தான் பதில் வருது: சிரிக்கலாமா?

ரெண்டு வயசு வாக்குல குழந்தையே ஜோக் அடிக்க ஆரம்பிச்சுடும். காலுறையைத் தலையில மாட்டிக்கிட்டு "தொப்பி"ங்கும். தெரிஞ்சே அம்மாவை "அப்பா"ம்பா. ஜோக்கா, தப்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? சொல்லிட்டு உங்க முகத்தைப் பாக்கும். உதடு முன்னாடியே சிரிக்க ஆரம்பிச்சிருக்கும். நீங்க சிரிச்சா உடனே இன்னொரு தடவை. இந்த மூணும் இருந்தா வாய்விட்டுச் சிரிங்க, "அய்யய்யோ, தொப்பியா இது!"ன்னு கூடவே நடிங்க. ஒரே ஜோக் நாப்பது தடவை வரும், அதுதான் விலை.

முகம் சீரியஸா இருக்கு, உங்களைப் பாக்காம விஷயத்தையே பாத்துக்கிட்டுப் பேசுதுன்னா அது தகவல் சொல்லுது. அப்ப விஷயத்துக்குப் பதில் சொல்லுங்க. கண்ணை மட்டும் கையால மூடிக்கிட்டு "நான் ஒளிஞ்சாச்சு"ன்னு நடு ஹாலுல நிக்கிறதும் இந்த ரகம்தான். கண்ணும் கண்ணும் சந்திக்கலைன்னா பாக்கறதே நடக்கலைன்னு அதுக்கு முழு நம்பிக்கை. மேசைக்கு அடியில, கதவுக்குப் பின்னாடி எல்லாம் தேடிட்டுக் கடைசியா வாங்க.

விருந்தாளி வந்ததும் "அந்தக் காக்கா சொல்லிக் காட்டு"ன்னு நிக்க வைக்கிறதை மட்டும் தயவுசெஞ்சு நிறுத்துங்க. அடுத்தவங்க சிரிக்கிறது தன் நாக்கைப் பாத்துத்தான்னு மூணு வயசுலயே உறைக்கும்.

முணுமுணுப்பு | மார்ச் 12, இரவு 11:00

விளக்கை அணைச்ச பிறகு தனியாப் பேசிக்கிட்டே இருக்கு. போய்த் தட்டித் தூங்க வைக்கணுமா?

வாயாடி_வாத்தியார் | மார்ச் 13, காலை 6:50

போகாதீங்க. கால் உள்ள பட்டதும் பேச்சு நின்னு "தண்ணி வேணும்" ஆரம்பிக்கும்.

இந்தத் தனிப் பேச்சுல பெரிய வேலை நடக்குது. ரூத் வியர்னு ஒரு மொழியியலாளர் தன் ரெண்டரை வயசுப் பையன் படுக்கையில தனியாப் பேசினதைப் பதிவு பண்ணி 1962-ல வெளியிட்டாங்க. அந்தப் பேச்சுல வாக்கியம் ஒண்ணை எடுத்து ஒரு சொல்லை மட்டும் மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கறது நிறைய. நம்ம பக்கம் கேட்டீங்கன்னா "பந்து போச்சு. கார் போச்சு. அம்மா போச்சு. அம்மா போச்சு இல்ல. அம்மா போயிட்டா" அப்படின்னு தனக்குத்தானே திருத்திக்கிற வரிகள் மாட்டும். பகல்ல நாம திருத்தி ஏறாதது இங்க தானா ஏறும். பதினைஞ்சு இருபது நிமிஷத்துல அடங்கிடும். அழுகையா மாறினா மட்டும் போங்க.

தூக்கம்_போச்சு | மார்ச் 13, காலை 9:20

இதைப் பதிவு பண்ணி வைக்கலாமா? எப்படி?

ரெட்டைவால்_அம்மா | மார்ச் 13, மதியம் 2:45

இது என் பேட்டை, நான் சொல்றேன்.

வீடியோ வேண்டாம், குரல் பதிவு போதும். கேமராவைக் கண்டா பேச்சு நின்னு போனைப் பிடுங்கறது ஆரம்பிச்சுடும். ஃப்ளைட் மோடுல போட்டு, திரையைக் கவிழ்த்து, ஒரு கை நீளத் தூரத்துல வைங்க. வெறும் மேசை மேல வச்சா கட்டை உருள்ற சத்தமெல்லாம் இடி மாதிரி விழும், மடிச்ச துணி மேல வைங்க. ஃபேன் நேரா மைக்குல அடிக்காம பாத்துக்கோங்க. ஆரம்பத்துல உங்க குரல்ல தேதியும் வயசும் சொல்லிடுங்க. ரெண்டு மூணு நிமிஷம் தாராளம். ஒரு மணி நேரப் பதிவைத் திரும்பக் கேக்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஃபைல் பேரை வருஷம், மாசம், நாள் வரிசையில வைங்க, தானா அடுக்கிக்கும்.

சொல்லை எழுதி வைக்கிறதா இருந்தா அன்னிக்கே எழுதுங்க. மறுநாள் எழுதினா உங்களுக்கே தெரியாம இலக்கணத்தைத் திருத்திடுவீங்க. காதுல விழுந்த மாதிரியே எழுதணும், முன்னாடி என்ன நடந்துதுன்னு ஒரு வரியும் வேணும். அது இல்லைன்னா அஞ்சு வருஷம் கழிச்சு ஒண்ணும் புரியாது. இப்படி:

"2 வயசு 7 மாசம். ரொம்ப நேரம் தண்ணில விளையாடி வெளிய வந்ததும். விரல் நுனி சுருங்கியிருக்கிறதைப் பாத்து: 'என் விரல் தாத்தா ஆயிச்சு.'"

(இது நிஜத் தாத்தா. காக்கா இல்லை.)

அழறது, குளிக்கிறது, கழிப்பறைப் பேச்சு இதெல்லாம் வீட்டுக்குள்ளயே இருக்கட்டும், எங்கயும் பகிராதீங்க. பதினைஞ்சு வயசுல அதைப் பாக்கப்போறது அந்தக் குழந்தைதான்.

முணுமுணுப்பு | மார்ச் 15, காலை 8:00

நல்லாப் பேசிக்கிட்டிருந்த குழந்தை திடீர்னு "நான் நான் நான் நான்"னு திக்க ஆரம்பிச்சா?

வாயாடி_வாத்தியார் | மார்ச் 15, காலை 8:40

இதுல ஜோக் வேண்டாம், நேரா சொல்றேன்.

ரெண்டு வயசிலேர்ந்து அஞ்சு வரைக்கும் இது வரலாம், அதுவும் வாக்கியம் நீள ஆரம்பிக்கிற சமயத்துல. நூத்துல அஞ்சு குழந்தைக்காவது ஒரு கட்டத்துல திக்கும், அதுல நாலுல மூணு பேருக்குத் தானா நின்னுடும். முழுச் சொல்லையும் சிரமமே இல்லாம திரும்பத் திரும்பச் சொல்றது, களைப்பா இருக்கும்போதும் உற்சாகத்துலயும் கூடுறது எல்லாம் சாதாரணம்.

சொல்லோட முதல் சத்தத்தை இழுக்கிறது, வாய் திறந்தும் சத்தமே வராம அடைச்சுக்கிறது, கண்ணை இறுக்கிக்கிறது, தலையையோ காலையோ உதைச்சு வெளிய தள்ளப் பாக்கறது, இதுல எது இருந்தாலும் பேச்சுப் பயிற்சியாளரை (ஸ்பீச் தெரபிஸ்ட்) பாருங்க. ஆறு மாசத்துக்கு மேல நீடிச்சாலும், குடும்பத்துல வேற யாருக்காவது இருந்து நிக்காம தொடர்ந்திருந்தாலும் பாருங்க.

வீட்டுல "மெதுவாச் சொல்லு", "மூச்சு விட்டுட்டுப் பேசு" ரெண்டையும் தவிர்க்கணும். வாக்கியத்தை நீங்க முடிச்சுக் கொடுக்காதீங்க. உங்க பேச்சோட வேகத்தை நீங்க குறைச்சுக்கோங்க. மேல சொன்ன அஞ்சு வரை எண்ணறது இங்க ரொம்ப உதவும்.

இன்னொண்ணு. எந்த வயசுலயும், ஏற்கெனவே பேசின சொற்கள் காணாமப் போனா காத்திருக்காம அந்த வாரமே டாக்டர்.

கேட்டுக்கிட்டிருக்கேன் | மார்ச் 16, இரவு 10:30

இந்த இழையைப் படிச்சு எனக்குக் கவலை வந்துடுச்சு. என் பையனுக்கு இதே ரெண்டரை. ரெண்டு சொல் சேத்துப் பேசுறான், அறுபது சொல் இருக்கும். இங்க எல்லாரும் பிரசங்கம் பண்ற குழந்தைங்களைப் பத்தியே பேசுறீங்க.

வாயாடி_வாத்தியார் | மார்ச் 17, காலை 7:05

கவலையே வேண்டாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-ல மாத்தி வெளியிட்ட வளர்ச்சிப் பட்டியல்ல 30 மாசத்துக்குச் சுமார் 50 சொல்லும், வினைச்சொல்லோட சேர்ந்த ரெண்டு சொல் பேச்சும்தான் போட்டிருக்கு. நூத்துக்கு 75 குழந்தையாவது அந்த வயசுல எட்டியிருக்கும்னு வச்ச அளவு அது. உங்க பையன் அதைத் தாண்டியாச்சு. வாயாடி ஆகறதும் ஆகாததும் பாதி சுபாவம். சொல்றதைப் புரிஞ்சுக்கறானா, கை காட்டிக் கேக்கறானா, உங்க முகத்தைப் பாத்துப் பேசுறானா, இதைத்தான் பாக்கணும்.

தூக்கம்_போச்சு | மார்ச் 18, மாலை 7:20

கடைசியா ஒண்ணு. பத்து நிமிஷமாவது காதுக்கு ஓய்வு வேணும். கேக்கவே கூச்சமா இருக்கு.

ரெட்டைவால்_அம்மா | மார்ச் 18, இரவு 9:15

கூச்சம் எதுக்கு? ஆனா பத்து நிமிஷம் பேராசை. ரெண்டு நிமிஷத்துலேர்ந்து ஆரம்பிங்க. மணல் கடிகாரம் இருந்தா உத்தமம், முடியறது கண்ணுக்குத் தெரியணும், நிமிஷம்னு வாயால சொன்னா ஏறாது. "மணல் தீர்ற வரைக்கும் என் காது தூங்குது. தீர்ந்ததும் வந்து எழுப்பு." கையில ஒரு வேலையும் கொடுங்க, கட்டை அடுக்கறது, கிறுக்கறது. முடிஞ்ச அந்த நொடியே நீங்க போனை வச்சுட்டுத் திரும்பி "இப்பச் சொல்லு"ன்னு முழுசாக் கேக்கணும். அதுல ஏமாத்தினா அடுத்த தடவை ஒப்பந்தம் கிடையாது. வாராவாரம் அரை நிமிஷம் கூட்டுங்க.

"பேசாதே"ன்னு சொல்லாம "காது தூங்குது"ன்னு சொல்றதுக்குக் காரணம், அவ பேச்சு மேல தப்பு இல்லை, உங்க காதுக்குத்தான் களைப்புன்னு போகணும்.

தூக்கம்_போச்சு | மார்ச் 20, காலை 6:25

பண்ணிப் பாத்தோம். முதல் நிமிஷம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் காதுகிட்ட வந்து, நீங்க சொன்ன அதே ஊதல் குரல்ல: "அப்பா, உன் காது ஏன் தூங்குது?"

முணுமுணுப்பு | மார்ச் 20, காலை 6:31

முதல் ரக ஏன். பதில் சொல்லித்தான் ஆகணும்.